இரு இனப் போட்டியைக் கணிக்க எது உதவும்: லோட்கா–வோல்ட்டெராவா, டில்மனின் வள மாதிரியா?

ஒரே நீரில் வளரும் குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்ற இரண்டு பச்சைப் பாசிகளில் எது நிலைக்கும் என்று கணிக்க வேண்டியிருந்தபோது, எல்லோரையும் போல நானும் இரு இனங்களின் எண்ணிக்கை மாற்றத்தைக் கணக்கிடும் லோட்கா–வோல்ட்டெரா சமன்பாடுகளையே முதலில் எடுத்தேன். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வளர்ச்சி வீதம், ஒரு தாங்குதிறன் (சூழல் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கை), எதிரியின் பாதிப்பைச் சொல்லும் ஆல்ஃபா என்ற ஒரு கெழு, இவ்வளவுதான் தேவை. 1934-இல் மாஸ்கோவின் உயிரியலாளர் காஸ், பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் இரு இனங்களில் காடேட்டத்தை அரீலியா ஒழித்துக்கட்டியதை விளக்கக் கையாண்டதும் இதே கணக்குதான்.

சிக்கல் ஆல்ஃபாவில் இருக்கிறது. அதைப் பெற இரண்டு இனங்களையும் ஒரே குடுவையில் வளர்த்தாக வேண்டும். அதாவது, போட்டியின் முடிவைக் கணிப்பதற்குப் போட்டியையே முதலில் நடத்த வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சொட்டு எடுத்து, செல்களை எண்ணும் கண்ணாடித் தகடான ஹீமோசைட்டோமீட்டரின் கட்டங்களுக்குள் உருண்டையான குளோரெல்லா செல்களைத் தனியாகவும், நான்கு நான்காக ஒட்டியிருக்கும் செனடெஸ்மஸைத் தனியாகவும் மூன்று வாரம் எண்ணி ஓர் ஆல்ஃபாவைப் பெற்றேன். நைட்ரேட்டைப் பாதியாகக் குறைத்ததும் அது பொருந்தாமல் போய், எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. ஆல்ஃபா, எதற்காகப் போட்டி நடக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. ஆகவே சூழல் மாறும்போதெல்லாம் அதைப் புதிதாக அளக்க வேண்டியதாகிறது.

சூழலியலாளர் டேவிட் டில்மனின் வள மாதிரியில் ஒவ்வோர் இனத்தையும் தனியே வளர்த்து அளந்தால் போதும். அரைச்செறிவு மாறிலியை (வளர்ச்சி உச்சத்தில் பாதியாக இருக்கும் வள அளவை) இழப்பு வீதத்தால் (செல்கள் இறந்தோ நீரோடு வெளியேறியோ குறையும் வேகத்தால்) பெருக்கி, உச்ச வளர்ச்சி வீதத்திலிருந்து இழப்பு வீதத்தைக் கழித்து வருவதால் வகுத்தால், அந்த இனம் தாக்குப்பிடிக்கும் மிகக் குறைந்த வள அளவு கிடைக்கும். அதற்கு ஆர்-ஸ்டார் என்று பெயர். ஒரே வளத்துக்கான போட்டியில் ஆர்-ஸ்டார் குறைந்த இனமே வெல்லும். ஊட்டத்தின் அளவு மாறினாலும், நீர் மாற்றும் வேகம் மாறினாலும், அளந்த மாறிலிகளைக் கொண்டே புதிய முடிவைக் கணக்கிடலாம். 1977-இல் டில்மன் ஆஸ்டெரியோனெல்லா, சைக்ளோடெல்லா ஆகிய டயாட்டம்களின் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளின்) போட்டியை இப்படித்தான் கணித்தார்: பாஸ்பேட் இரண்டுக்கும் போதாதபோது முன்னது வெல்லும், சிலிகேட் இரண்டுக்கும் போதாதபோது பின்னது வெல்லும், ஆளுக்கொரு வளம் போதாதபோது இரண்டும் சேர்ந்து வாழும். 76 நீண்டகாலப் போட்டிச் சோதனைகளில் அவர் இதைச் சரிபார்த்தார்.

மிகத் தாழ்ந்த செறிவில் வளத்தை அளப்பது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றின் மீது நச்சைக் கசியவிடும் இடங்களில், வளக் கணக்கு மட்டும் போதாது. பறவைகளிலோ பாலூட்டிகளிலோ நான் இதைச் செய்துபார்த்ததில்லை. எந்த வளம் தீர்மானிக்கிறது என்றே பிடிபடாத அத்தகைய இடங்களில் ஆல்ஃபாவைத்தான் நாட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பாசிகளுக்கு மட்டும், தனித்தனிக் குடுவைகளோடு டில்மனின் வழியிலேயே தொடர்கிறேன்.