ரூரும் தெற்கு வேல்ஸும்: நிலக்கரியைக் கைவிட்ட இரண்டு வழிகள்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1958இல் நிலக்கரி விற்காமல் தேங்கத் தொடங்கியது. அங்கே கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது 2018 டிசம்பரில். தெற்கு வேல்ஸ் அடங்கிய பிரிட்டனில் நடந்தது வேறு. 1984 மார்ச்சில் இருபது சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, ஓராண்டு வேலைநிறுத்தம் தோற்றது. 1994இல் தொழில் தனியார்மயமானபோது தெற்கு வேல்ஸில் எஞ்சிய ஆழ்சுரங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொழிலாளி பக்கம் நின்று பார்த்தால் ஜெர்மன் வழியே மேல். அங்கே 1968இல் பெரும்பாலான சுரங்கங்களை ஒரே நிறுவனத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு சுரங்கம் மூடினால் ஆட்களை அடுத்ததற்கு மாற்றினார்கள். வயதில் மூத்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வுத்தொகை கொடுத்தார்கள். வேல்ஸில் பணிநீக்கத் தொகையோடு கணக்கு முடிந்தது. பிறகு பலர் உடல்நலக்குறைவு உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள். வேலையில்லாதோர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை என்பதற்காக ஊர் நிமிர்ந்துவிட்டது என்று சொல்வது அநியாயம்.

ஆனால் அவகாசம் இருந்தால் மட்டும் மாற்றுத் தொழில் வந்துவிடாது. தங்கள் ஆட்களைப் புதிய ஆலைகள் இழுத்துக்கொள்ளும் என்று பயந்து, ரூரின் சுரங்க நிறுவனங்கள் நிலத்தை விற்காமல் நெடுங்காலம் முடக்கி வைத்தன. ஒற்றைப் பெரிய ஆலையை நம்பியதில் இரண்டு பகுதிகளும் அடிபட்டன. போஹும் நகரில் பழைய சுரங்க நிலத்தில் 1962இல் எழுந்த ஓப்பல் கார் ஆலை 2014இல் மூடியது. வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு அருகே, நியூபோர்ட்டில், ஆறாயிரம் வேலை என்று 1996இல் அறிவித்த எல்ஜி, அதில் பெரும்பகுதியைத் தரவேயில்லை.

ரூரில் நிலைத்தது கல்விதான். 1960 வரை அத்தனை பெரிய தொழிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. 1965இல் போஹும் பல்கலைக்கழகம் திறந்தது, அடுத்து டார்ட்மண்ட். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை வீட்டிலிருந்தபடியே பொறியியல் படிக்க முடிந்தது. அப்படியும் ரூரின் கெல்சென்கிர்ஹென் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று.

வேல்ஸிலும் தலைநிமிரச் செய்யும் கதை உண்டு. லாபமில்லை என்று மூடிய டவர் சுரங்கத்தை 239 தொழிலாளர்கள் தலைக்கு 8,000 பவுண்டு போட்டு 1995இல் வாங்கினார்கள்; 2008 வரை லாபத்தோடு நடத்தினார்கள்.

சுரங்கம் விட்டுச்சென்ற சேதத்துக்குச் செலவழிப்பது யார்? ரூரில் சுரங்கத்தால் தாழ்ந்துபோன நிலம் மூழ்காமலிருக்க நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை அமைத்து நிதி ஒதுக்கினார்கள். வேல்ஸில் 2020 புயலில் டைலர்ஸ்டவுன் ஊரின் சுரங்கக் கழிவுமேடு சரிந்த பிறகுதான், ஆயிரக்கணக்கான பழைய மேடுகளை வேல்ஸ் முழுமைக்குமாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள்.