எலும்புத் தேய்வுக்குச் சீன மருந்துக்கடைக் கஷாயம்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

சிங்கப்பூரில் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சீன மருந்துக்கடையில் "எலும்புக்குப் பலம் வேணும்" என்று கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும்: காய்ந்த மூலிகைப் பொட்டலம், வெந்நீரில் கரைக்கும் தூள், டப்பாவில் அடைத்த மாத்திரை. வைத்தியர் பார்த்துக் கட்டித் தரும் பொட்டலம் தேறும். தூள் பரவாயில்லை. வம்பு இருப்பது மாத்திரையில்தான், அதிலும் ஊர்பேர் தெரியாமல் இணையத்தில் விற்பதில்.

பொட்டலத்தைப் பிரித்தால் டூ ஜோங் பட்டை, ஷூ துவான் வேர், கூ சுய் பூ கிழங்கு, யின் யாங் ஹுவோ இலை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும். ஷூ துவான் என்றால் முறிந்ததைச் சேர்ப்பது என்று பொருள். பிரண்டையை வச்சிரவல்லி என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பெயர்வைப்பு விளங்காமல் போகாது.

டூ ஜோங் பட்டையை ஒடித்துப் பாருங்கள். நல்ல சரக்கென்றால் இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளிநூல் போன்ற இழைகள் ரப்பராக இழுபடும். உப்புநீர் தெளித்து வறுத்த பட்டை கறுத்திருக்கும், இழையும் சட்டென அறும். அது கெட்ட சரக்கல்ல. அந்த ரப்பர் உடைந்தால்தான் சத்து தண்ணீரில் இறங்கும். கூ சுய் பூவின் மேல் பழுப்பு ரோமம் அப்படியே இருந்தால் பக்குவம் செய்யாத சரக்கு. வாங்கிவிட்டீர்கள் என்றால் சல்லடையை நம்பாமல் துணியில் வடிகட்டுங்கள்.

காய்ச்ச மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். மூலிகைக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30 முதல் 40 நிமிடம் வைக்க வேண்டும். வடித்துவிட்டு இரண்டாம் முறை 20 நிமிடம். இரண்டு வடிநீரையும் கலந்து பாதிப் பாதியாக இருவேளை, சாப்பாட்டுக்குப் பின். கடைக்காரர் சொல்லும் "மூணு கிண்ணம் ஒரு கிண்ணமா" என்ற கணக்கில் பெருந்தீயில் வைத்து அடிபிடிக்க விடுபவர்களே அதிகம். அடிபிடித்தால் தண்ணீர் விட்டுச் சமாளிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இதனால் எலும்பு முறிவு குறையுமா? மாதவிடாய் நின்ற பெண்களிடம் 24 மாதம் நடந்து 2007இல் வெளியான ஒரு சோதனையில், யின் யாங் ஹுவோவிலிருந்து பிரித்த சத்தை எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி, ஒப்பிடக் கொடுத்த மருந்தில்லா மாத்திரையை எடுத்தவர்களுடையதைவிட நன்றாக நிலைத்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது அளந்து கொடுத்த சத்து: நாளுக்கு இகாரின் 60 மி.கி., டெய்ட்சீன் 15 மி.கி., ஜெனிஸ்டீன் 3 மி.கி. கடைப் பொட்டலத்தில் அந்த அளவு உறுதியில்லை. அடர்த்தி வேறு, முறிவு வேறு. தைவான் காப்புறுதித் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூலிகை எடுத்தவர்களுக்கு முறிவு குறைவாகத் தெரிந்தது உண்மை. ஆனால் தேடிப்போய் மருந்து எடுப்பவர் மற்ற வகையிலும் உடம்பைக் கவனிப்பவராக இருப்பார் அல்லவா?

மாத்திரைக்கு வருவோம். மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற வலிமாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதில் 0.75 மி.கி., பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் 5 மி.கி.க்குச் சமம். அந்த அளவைத் தினமும் விழுங்கினால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே முறிவு அபாயம் ஏறத் தொடங்கும். எலும்பைக் காக்க வாங்கிய பொருள் எலும்பையே தின்னும். முகம் உப்புவது, தோல் மெலிந்து லேசாகத் தட்டினாலும் கன்றிப்போவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் அறிகுறி. சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், மயங்கி விழ நேரும். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

எலும்புத் தேய்வுக்கு மருத்துவர் தரும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வார மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு மட்டுமே விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கஷாயத்தோடு குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது, காசும் வீண். அன்று கஷாயத்தைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டாங் குய், டான் ஷென் என்ற மூலிகைகள் இரண்டுமே ஆகாது. பல பொட்டலங்களில் இனிப்புக்காகச் சேரும் கான் சாவ் நம் அதிமதுரம்தான். மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறி, கால் தளரும். கால் தளர்ந்தால் விழுவோம், விழுந்தால்தானே முறிவு.

"சிறுநீரகம் பலவீனம்" என்று வைத்தியர் சொன்னால் பதற வேண்டாம். சீன மருத்துவத்தில் எலும்பை ஆள்வது சிறுநீரகம் என்பது கொள்கை, ரத்தப் பரிசோதனை முடிவல்ல. அதே காரணத்தால், உண்மையிலேயே சிறுநீரக நோய் உள்ளவர் இதைச் சிறுநீரக மருந்தென்று நினைத்துக் குடிக்கவும் கூடாது.

போகுமுன் ஒரு கழித்தல் கணக்கு. மாதவிடாய் நின்ற பெண் என்றால் வயதிலிருந்து எடையைக் கழியுங்கள். 70 வயது, 48 கிலோ என்றால் 22. இருபதைத் தாண்டினால் கடைக்கு முன்னால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேளுங்கள். அதன் டி எண் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் கஷாயம் துணைக்கு மட்டுமே, மருந்துக்குப் பதிலாக அல்ல.

வைத்தியரின் பெயர் சீன மருத்துவர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, தொழில் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். சரக்குப் பட்டியலை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எலும்பு தேய்ந்தவர் என்பதை முதலிலேயே சொல்லி, முதுகை அழுத்தி நெட்டி முறிக்கும் பிடிப்பு வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர் விழுந்து ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தைலமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். ஆளை அசைக்காமல் 995ஐ அழையுங்கள்.