பழைய கணினிக்கு எந்தக் கிராபிக்ஸ் காட்? பவர் சப்ளையிலிருந்து தொடங்கும் ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் பலருடைய வீட்டு மேசையில் இருப்பது, வெளிநாட்டு அலுவலகமொன்றில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கப்பலேறி வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் அல்லது எச்.பி. பெட்டிதான். உள்ளே நான்காம் தலைமுறை ஐ5 புரொசசரும் 8 ஜி.பி. ராமும் இருக்கும். இதற்கொரு கிராபிக்ஸ் காட் போட்டால் ஜி.ரி.ஏ. 5, கவுண்டர் ஸ்ரைக் 2 போன்றவற்றை ஓரளவு தாராளமாக விளையாடலாம் என்று தேடத் தொடங்குபவருக்கு நான்கு பெயர்கள் எதிர்ப்படுகின்றன: ஜி.ரி.எக்ஸ். 1650, பாவித்த ஆர்.எக்ஸ். 580, ஆர்.ரி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வகை, ஆர்.எக்ஸ். 6600. யூரியூப் காணொளிகள் இவற்றைப் பிரேம் எண்ணிக்கையால், அதாவது ஒரு வினாடியில் திரையில் காட்டும் படங்களின் எண்ணிக்கையால், வரிசைப்படுத்துகின்றன. அந்தச் சோதனைகள் அனேகமாகப் புதிய புரொசசரையும் பெரிய பவர் சப்ளையையும் கொண்ட கணினியில் நடப்பவை. நம்முடைய பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது காட்டை அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கப்போகும் பவர் சப்ளையை.

ஒப்டிபிளெக்ஸ் 9020 இன் உயரமான பெட்டியில் இருப்பது 290 வாற் பவர் சப்ளை. கிராபிக்ஸ் காட்டுக்கென்று தனியாக வரும் 6 பின் (ஊசி), 8 பின் வயர்கள் அதில் இல்லை. மதர்போட்டில் காட் செருகும் ஸ்லொட்டிலிருந்து கிடைக்கக்கூடியது ஆகக் கூடியது 75 வாற். சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால், 9020 இன் மதர்போட் வழமையான 24 பின் இணைப்பைக் கொண்டதல்ல. டெல் தனக்கென்று வைத்துக்கொண்ட 8 பின் இணைப்பு. ஆகவே மாற்று வயரொன்றும் தேவைப்படும். அதற்கு முந்திய 7010 இன் உயரமான பெட்டியில் 24 பின்னே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா வயரிலிருந்து 6 பின் எடுக்கும் மலிவு அடப்டரைச் சிலர் நாடுகிறார்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ற் வழி 54 வாற்றுக்கே வகுக்கப்பட்டது. 6 பின் வழியே காட் 75 வாற் வரை இழுக்கலாம். பிளாஸ்ரிக் உருகுவது அந்த இடைவெளியில்தான். அந்த அடப்டரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இதனால் உண்மையான போட்டி நான்கு காட்டுகளுக்கு இடையில் அல்ல. தனி வயர் இல்லாமல் ஓடும் இரண்டு காட்டுகள் ஒரு பக்கம். காட்டோடு பவர் சப்ளையின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய இரண்டு காட்டுகள் மறுபக்கம்.

முதற் பக்கத்தில் 2019 இல் வந்த 1650 நெடுங்காலமாக வழமையான விடையாக இருந்தது. 4 ஜி.பி. நினைவகம், 75 வாற், எளிய நிறுவல். ஆனால் அதே பெயரில் 6 பின் கேட்கும் மொடல்களும் உண்டு. பெட்டியில் உள்ள படத்தை நம்பாமல் காட்டின் மேல்விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும். 2024 பெப்ரவரியில் வந்த 3050 இன் 6 ஜி.பி. வகை 70 வாற்றில் ஓடுகிறது, பெரும்பாலான மொடல்களுக்குத் தனி வயர் வேண்டியதில்லை, வேகத்தில் 1650 ஐத் தெளிவாக முந்துகிறது. கூடுதலான 2 ஜி.பி. நினைவகம் சிறிய விடயமல்ல. 4 ஜி.பி. நிறைந்ததும் விளையாட்டின் படத்தரவு கணினியின் ராமுக்கு வழிந்து, ஏற்கனவே 8 ஜி.பி.யில் திணறும் கணினி விட்டுவிட்டு இழுபடும். சிறிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் இதன் டி.எல்.எஸ்.எஸ். வசதியும் 1650 இல் இல்லை. ஒரு எச்சரிக்கை: 2022 இல் வந்த 8 ஜி.பி. 3050 வேறு காட். அது 130 வாற், தனி வயர் கேட்கும், புதியதைவிட வேகமானதுங்கூட. இவற்றின் தயாரிப்பாளரான என்விடியா ஒரே பெயரை இரண்டுக்கும் சூட்டி வாங்குபவரைக் குழப்பியிருக்கிறது. கடையில் பெயரோடு நினைவக அளவையும் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

மறுபக்கத்தில் விலையால் கவர்வது பாவித்த ஆர்.எக்ஸ். 580. 2017 ஆம் ஆண்டுக் காட்டாயினும் 8 ஜி.பி. நினைவகத்தோடு 1650 ஐ நல்ல வித்தியாசத்தில் வெல்லும். ஆனால் இந்தக் காட்டுகளில் கணிசமானவை எதீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணினிக் கணக்கீட்டால் தோண்டி ஈட்டும் கூடங்களில் இரவுபகலாக ஓடியவை. 2022 செப்ரெம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் அவை சந்தைக்கு வந்தன. கையில் எடுத்ததும் சில இடங்களைப் பார்க்கலாம்: பின்தகட்டின் திருகாணிகளில் துருவும் கீறலும், நினைவகச் சில்லுகளின் ஓரத்தில் வெப்பத் திண்டிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு, விரலால் சுற்றும்போது ஆடும் விசிறி. பின்னர் கடையிலேயே காட்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யூ.-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (காட்டின் சிறு கணிப்பு அலகு) எண்ணிக்கை 2304 தானா என்று பார்க்க வேண்டும். 2048 என்றிருந்தால் அது சீனச் சந்தைக்கென 580 என்ற பெயரில் வெளியான, சாராம்சத்தில் 570 ஆன காட். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பொதியாக வரும் காட்டென்றால், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை முன்னரே எழுத்தில் பெறுங்கள்.

580 இன் இரண்டாவது செலவு மின்பட்டியலில் தெரியும். 580 இன் 185 வாற்றுக்கும் 3050 6 ஜி.பி.யின் 70 வாற்றுக்கும் இடைவெளி 115 வாற். நாளுக்கு நான்கு மணித்தியாலம் முழுச்சுமையில் விளையாடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 14 அலகுகள் கூடுகின்றன. மின்கட்டணம் படிமுறையில் அறவிடப்படும் நாட்டில், 120 அலகின் விளிம்பில் நிற்கும் வீட்டை அது அடுத்த படிக்கு ஏற்றிவிடும். அந்த 115 வாற் சித்திரை வைகாசி வெயிலில் அறைக்குள் வெப்பமாகவும் இறங்குகிறது. வழமையான 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றோடு இதை ஓட்டினால், மின்வெட்டின் போது விளையாட்டைச் சேமிக்கும் அவகாசங்கூடக் கிடைக்காமற் போகலாம். பவர் சப்ளை, மாற்று வயர் இரண்டையும் சேர்த்தால் 580 மலிவு என்ற பேச்சு 9020 காரருக்குப் பொருந்தாது. ஏற்கனவே நல்ல 500 வாற் பவர் சப்ளையோடு கூட்டிய கணினி வைத்திருப்பவருக்கே அது நியாயமான பேரம்.

2021 இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 நான்கிலும் வலியது. 132 வாற்றில் 580 ஐ வெகுதூரம் பின்தள்ளுகிறது. 8 பின் வயர் வேண்டும். நான்கு கோர் ஐ5 உடன் இதன் பலத்தில் ஒரு பங்கு வீணாகும், ஜி.ரி.ஏ.யின் நெரிசலான தெருக்களில் புரொசசர் முதலில் களைத்துவிட, காட் காத்திருக்கும். ஆயினும் வின்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிந்துவிட்டது, நான்காம் தலைமுறைப் புரொசசரை வின்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதுமில்லை. எனவே ஓரிரு ஆண்டில் மதர்போட்டை மாற்றும் எண்ணமுள்ளவர் 6600 ஐ இப்போதே வாங்கிப் புதிய கணினிக்குக் கொண்டுசெல்லலாம். அந்த எண்ணம் இல்லாதவருக்கு 3050 இன் 6 ஜி.பி. வகையையே பரிந்துரைப்பேன்.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. இடையில் வந்து ஆசை காட்டும். அது மதர்போட்டோடு நான்கு தரவுப் பாதைகளால் மட்டுமே பேசுகிறது. பழைய மதர்போட்டில் அவற்றின் வேகம் பாதியாகிவிடும். விளையாட்டைப் பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. இன்டெல் ஆர்க் ஏ380 என்ற காட்டுக்குத் தேவையான, புரொசசர் காட்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி இந்தப் பெட்டிகளில் கிடையாததால் அதையும் விட்டுவிடலாம்.

ஒப்டிபிளெக்ஸின் ஒடுக்கமான பெட்டி வைத்திருப்பவருக்குத் தெரிவு இன்னும் சுருங்குகிறது: 1650 அல்லது 3050 6 ஜி.பி., அதிலும் உயரம் குறைந்த வடிவம். எந்தக் காட்டானாலும் பழைய வி.ஜி.ஏ. திரை வைத்திருப்பவர் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும், உள்ளே சில்லு கொண்ட கொன்வேட்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்த நான்கில் எதுவும் வி.ஜி.ஏ. சமிக்ஞையை நேரடியாகத் தருவதில்லை.