ஓட்டல் பஃபேயா, கஃபே பிரஞ்சா, சந்தைக் கடையா: வெளியூரில் காலைச் சாப்பாட்டுக் கணக்கு

ஒரு பெருநகரத்துக்கு நாலு நாள் போகிறோம் என்றால் பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் பட்டியல் போட்டுவிடுவோம். சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். மதியத்தையும் இரவையும் அப்படி விட்டால் பெரிய நஷ்டமில்லை, பசித்த இடத்தில் ஏதாவது ஒரு கடை இருக்கும். காலை அப்படியில்லை. எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடித்தோம் என்பதில்தான் அன்றைய பொழுதே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ஓட்டல் பஃபே, காலையும் மதியமும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடும் கஃபே பிரஞ்ச் (brunch), சந்தைக் கடை என்ற மூன்றையும் நான் ஒப்பிடுவது காசை வைத்து மட்டுமல்ல, போகிற நேரத்தையும் வைத்துத்தான்.

முதலில் தங்கும் ஓட்டலின் பஃபே. அறை பதிவு செய்யும்போதே காலை உணவோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை என்று காட்டுவார்கள். அந்த வித்தியாசத்தை அப்படியே பார்க்காமல் ஆள் கணக்கிலும் நாள் கணக்கிலும் வகுத்துப் பாருங்கள். இரண்டு பேருக்குத்தான் சேர்த்தி, மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் என்பது பல இடங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டிய நாள் ஒன்று இருந்தால் அன்றைய பங்கு வீண். இதையெல்லாம் கழித்த பிறகும் லாபமாகத் தெரிந்தால் எடுக்கலாம்.

பஃபேயின் பலம் ருசியில் இல்லை, நிச்சயத்தில் இருக்கிறது. தேட வேண்டாம், காத்திருக்க வேண்டாம், லிஃப்டில் இறங்கினால் சாப்பாடு. வேளைக்கு மாத்திரை போட வேண்டிய பெரியவர்களும், எழுந்தவுடன் பசிக்கும் குழந்தைகளும் கூட இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் பஃபே என்பது இரண்டு வேறு சாப்பாடுகள். திறந்தவுடன் கிடைப்பது ஒன்று, மூடுவதற்கு அரை மணி முன்னால் கிடைப்பது இன்னொன்று. கடைசி நேரத்தில் போய் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: முட்டைப் பொரியல் கட்டிதட்டி, ஓரத்தில் தண்ணீர் விட்டு நிற்கும். சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. ஆவி பறக்காத தட்டைத் தாண்டிப் போவதற்கு அது ஒன்றே போதும். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? ஆம்லெட்டைக் கண்ணெதிரே போட்டுத் தரும் மேடை இருந்தால் நான் நேராக அங்கேதான் போவேன். அந்த ஹாலிலேயே எனக்காகச் சமைக்கப்படுவது அது ஒன்றுதான்.

கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு அருங்காட்சியக பெஞ்சில் கண் சொருகி உட்கார்ந்த அனுபவமும் எனக்கு உண்டு. அது பஃபேயின் குற்றமில்லை.

இனி பிரஞ்ச். இந்தச் சொல் 1895-இல் அச்சேறியது. கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு வார இதழில் வாதாடியிருந்தார்: சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்தவர்கள் ஞாயிறு காலையில் அவசரமாக எழ வேண்டாம், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி நிதானமாகச் சாப்பிடட்டும், அது மனதை இளக்கி மனிதர்களைப் பேச வைக்கும் என்று. அதாவது, மறுநாள் வேலையில்லாமல் அந்த ஊரிலேயே இருப்பவனுக்காகப் பிறந்த சாப்பாடு அது. நாலு நாளில் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

கணக்கைப் பாருங்கள். பதினொரு மணிக்கு வரிசை, பதினொன்றே முக்காலுக்கு டேபிள், பன்னிரண்டே காலுக்குத் தட்டு, ஒன்றே காலுக்கு பில். வெயிலோ குளிரோ, வெளியில் நடக்க நல்ல நேரம் போய்விட்டது. "இரண்டு வேளைச் சாப்பாடு ஒரே செலவில்" என்பதும் பாதி உண்மைதான். மாலை நாலரைக்கு மறுபடி பசிக்கும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடும் உணவகங்கள் ஏராளம். அந்த இடைவெளியில் அலைந்து கண்டதை வாங்கித் தின்பதற்கு ஆகும் செலவை யாரும் பிரஞ்ச் கணக்கில் எழுதுவதில்லை. குடிபானம் அளவில்லாமல் தருவதாகப் போட்டிருந்தால் அதற்கும் பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரக் கெடு இருக்கும். உட்காரும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் என்னை அப்படி ஒரு கஃபேக்குக் கூட்டிப்போனாள். பெயர் எழுதிவைக்கும் பலகை வாசலில், நாங்கள் நடைபாதையில். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் ரெண்டே பேர்தான்" என்பாள். அந்த ரெண்டு பேர் குறையவே இல்லை. உள்ளே உட்கார்ந்து ஆர்டர் சொன்னால், எதற்காக அவ்வளவு நேரம் நின்றோமோ அது தீர்ந்துவிட்டது என்றார்கள். சாப்பாட்டுக்காகப் போயிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் ஏழு வருடத்துக் குடும்பக் கதையை நின்றும் உட்கார்ந்தும் பேசி முடித்தது அன்றைக்குத்தான். பெரிஞ்சர் சொன்னது தப்பில்லை. பேச ஆள் இருந்தால் பிரஞ்சுக்குப் போங்கள், ஊர் பார்க்க வந்திருந்தால் வேண்டாம். சாப்பாட்டு ஆசைதான் விடவில்லை என்றால், வாரநாளிலும் அதே பட்டியலை வைத்திருக்கும் இடமா என்று விசாரித்துவிட்டு செவ்வாய், புதன் போல ஒரு நாள் ஒன்பது மணிக்குப் போங்கள். அதே அடுப்புதான், வரிசை மட்டும் இருக்காது.

மூன்றாவது, சந்தையும் அதைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளும். என் ஓட்டு இதற்குத்தான். சந்தை விடியும் முன்பே விழித்துவிடும், அங்கே சுமை தூக்குகிறவர்களும் கடை போடுகிறவர்களும் ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதனால் சாப்பாடும் சீக்கிரம், சூடும் நிச்சயம். இருபது நிமிடத்தில் முடித்து எட்டு மணிக்குத் தெருவில் இருக்கலாம். சுற்றுலாக் கூட்டம் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது சில விஷயங்கள். பலகையில் நாற்பது அயிட்டம் இருந்தால் நகர்ந்துவிடுவேன், நாலு அயிட்டம் இருந்தால் நிற்பேன். சமைக்கிற கையும் காசு வாங்குகிற கையும் வேறு வேறாக இருக்க வேண்டும். பாத்திரம் காலியாகிக்கொண்டே இருக்க வேண்டும், நிரம்பிய பாத்திரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. நமக்கு முன்னால் நிற்பவர்கள் வேலைக்குப் போகிற உடையில் இருந்தால் இன்னும் நல்லது. தினமும் அங்கே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் வயிற்றைப் பணயம் வைக்க மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. உட்கார இடம் இருக்காது, கழிப்பறை தேட வேண்டிவரும். முழங்கால் வலிக்காரர்களை அங்கே நிற்கவைப்பது பாவம். சைவமோ ஒவ்வாமையோ இருந்தால், "எனக்கு இன்னது ஆகாது" என்பதை உள்ளூர் மொழியில் போனில் எழுதிவைத்துக் காட்டுங்கள், கை ஜாடையை நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கு விடுமுறை இருக்கலாம். அலுவலகப் பகுதிக் கடைகளோ சனி, ஞாயிறு பூட்டியே கிடக்கும். முந்தின இரவே பார்த்துவைக்காமல் போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபுட் கோர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு ஆசையோடு ஆறு பேர் போனால் அடிதடி இல்லாமல் தீரும், அவ்வளவே. முந்தின இரவே சூப்பர் மார்க்கெட்டில் பழமும் தயிரும் ரொட்டியும் வாங்கிவைப்பதை மட்டும் கேவலமாக நினைக்காதீர்கள். நேர மண்டலம் தாண்டி வந்த முதல் இரண்டு நாள் உடம்புக் கடிகாரம் பழைய ஊரிலேயே இருக்கும். விடிகாலை நாலு மணிக்குப் பசி எழுப்பும்போது எந்த பஃபேயும் திறந்திருக்காது.

எந்த வகைக் கடைக்குப் போனாலும் ரேட்டிங்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். 2017-இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதுவரை அங்கே ஒருவருக்கும் சாப்பாடு போட்டதில்லை. அதனால் நான் மொத்த நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பேன். பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் அவர்கள்தான். உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலின் கையேட்டில் நட்சத்திரத்தைவிட 1997-இல் வந்த பிப் கூர்மாண்ட் அடையாளம்தான் நமக்கு உதவும், கொடுக்கிற காசுக்கு நல்ல சாப்பாடு என்பதற்கானது அது. அப்படிப்பட்ட இடத்துக்கு மதியம் போங்கள். மதியத்துக்கென்று தனிப் பட்டியல் வைக்கும் இடங்களில் அதே சமையலறைச் சாப்பாடு இரவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காலையில் சந்தையில் மிச்சம் பிடித்த காசையும் நேரத்தையும் செலவழிக்க அதுதான் சரியான இடம்.

சரி, பிரஞ்சுக்கு இடமே இல்லையா என்றால், கடைசி நாள் இருக்கிறது. விமானம் மாலையில், அறையை மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும், புதிதாக எதையும் பார்க்கவும் முடியாது. அன்றைக்கு வாரநாளாக அமைந்தால் யோகம். பெட்டியை மட்டும் ஓட்டல் வரவேற்பிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த கஃபே டேபிள்களுக்கு நடுவே ஆள் நுழைவதே கஷ்டம்.