வாய்விட்டுக் கேட்பதா, படிவத்தை நீட்டுவதா?

உறவின்போது வலி, வறட்சி, ஆர்வமின்மை போன்ற தொந்தரவுகளை ஒரு மகளிர் நல மருத்துவர் தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. வந்தவரே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். உள்ளே வருமுன் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். இல்லையென்றால், மாதவிலக்கு பற்றிக் கேட்கும் அதே மூச்சில் இதையும் வாய்விட்டுக் கேட்கலாம். மூன்றையும் செய்து பார்த்து மூன்றாவதில் நிலைத்தவள் நான். அதனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழிக்கு அதிக இடம் தேவையில்லை. முக்கியமென்றால் டாக்டரே கேட்பார் என்று வந்தவர் நினைக்கிறார்; பிரச்சினை என்றால் அவரே சொல்வார் என்று டாக்டர் நினைக்கிறார். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடலுறவில் ஈடுபடுகிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பதாகச் சொன்ன மகளிர் நல மருத்துவர்கள் சுமார் 63 சதவீதம். அதில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்பவர்கள் 40 சதவீதம்தான். கர்ப்பத்துக்கும் தொற்றுக்கும் தேவையான கேள்வியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படிவத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அதிகம் பயன்படுவது 2000ஆம் ஆண்டில் வந்த எஃப்எஸ்எஃப்ஐ (Female Sexual Function Index), பெண்களின் பாலியல் நலனை மதிப்பெண்ணால் அளக்கும் படிவம். 19 கேள்விகள்; ஆர்வம், கிளர்ச்சி, ஈரப்பதம், உச்சம், திருப்தி, வலி என்று ஆறு பிரிவுகள்; கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய பதில்கள். மொத்த மதிப்பெண் 26.55க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது கணக்கு. வாயால் சொல்லக் கூச்சப்படுபவர் பேனாவால் எளிதாகச் சொல்லிவிடுவார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட எண்கள் கிடைக்கும். ஆராய்ச்சி என்றால் படிவத்துக்கே என் ஓட்டு.

ஆனால் அன்றாட ஓபியில் இடிக்கிறது. கணவர் வெளியூரில் இருப்பதால் நான்கு வாரமாக உறவே இல்லாதவருக்குப் பல கேள்விகளில் பூஜ்ஜியம் விழும். எந்தக் குறையும் இல்லாமலே அவர் பிரச்சினை உள்ளவராகிவிடுவார். அப்புறம், இது உங்களை வருத்துகிறதா என்பதை அந்தப் படிவம் நேராகக் கேட்பதே இல்லை. 2008இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஏதோ ஒரு பாலியல் குறை இருப்பதாகச் சொன்ன பெண்கள் 40 சதவீதத்துக்கும் மேல்; அந்தக் குறை மனதை வருத்துகிறது என்றவர்கள் சுமார் 12 சதவீதம். ஆர்வம் குறைந்ததைப் பொருட்டாகவே நினைக்காத ஒருவருக்கு நாமே போய் நோய்ப்பெயர் சூட்ட வேண்டியதில்லை. வருத்தத்தை அளக்கத் தனிப் படிவம் இருக்கிறது, சரி. ஆனால் அதையும் சேர்த்துக் கொடுத்தால் யார் நிரப்புவது?

இதெல்லாம்கூடச் சமாளிக்கக்கூடியதுதான். என்னை முடிவெடுக்க வைத்தது, எழுதிக் கொடுத்த பிறகு நடப்பது. நிரப்பிய தாளை யாரோ வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள். கோப்பு மேசைக்கு வரும்போது வெளியே வரிசை நீண்டிருக்கிறது. மருத்துவரின் கண் ஸ்கேன் அறிக்கைக்குத்தான் போகும். ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார் அந்தப் பெண். மருத்துவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் என்ன புரிந்துகொள்வார்? படித்துவிட்டார், இது பேசத் தகுந்தது இல்லை போலிருக்கிறது என்றுதான். கேட்காமல் விட்டிருந்தால் இன்னொரு நாள் சொல்லியிருக்கக் கூடும். கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். படிவத்தை அச்சடிப்பது சுலபம். ஒவ்வொரு தாளையும் அன்றே படித்து, அன்றே பேச்சில் எடுக்க ஓர் ஆள், ஓர் ஒழுங்கு, விடாமல் வேண்டும். அது இருக்கும் இடத்தில் படிவம் நன்றாகவே ஓடும். ஆள் மாறினால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

போதாததற்கு, அந்தத் தாளை அவர் தனியாக நிரப்பினாரா என்பதும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் கணவரோ மாமியாரோ இருந்தால் 'வலி இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழும். விருப்பமில்லாத உறவும் வன்முறையும் இருக்கும் வீட்டில், அந்தத் தாளே அவருக்கு ஆபத்தாகலாம்.

வாய்விட்டுக் கேட்டால், பதில் வந்த நொடியில் அது என் பொறுப்பு, தப்பிக்க வழியில்லை. கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு முன்பே, அந்தப் பெண் உடையோடு நாற்காலியில் இருக்கும்போது கேட்பேன். “இந்த மாத்திரை சாப்பிடுறவங்க பலருக்கு உறவுல ஆர்வம் குறையும், வறட்சியா இருக்கும். உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்காம்மா?” பலருக்கும் இருப்பதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், 'ஆமாம்' என்பது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. 'இருக்கு, ஆனா எனக்கு அது ஒண்ணும் பெரிசில்லை' என்பதும் பதில்தான். அதோடு விட்டுவிடலாம்.

அடுத்த கேள்வி முந்தைய பதிலிலிருந்து பிறக்கும். வலி என்றால், நுழையும்போதா, உள்ளே ஆழத்திலா? நுழையும்போதே என்றால் வறட்சியோ, இடுப்புத்தளத் தசை இறுகிக்கொள்வதோ, வெளித்தோலில் உள்ள நோயோ இருக்கலாம். ஆழத்தில் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்றவற்றைத் தேட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வறட்சி வரும். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் ஆர்வத்தையும் உச்சத்தையும் குறைக்கக் கூடும். இதில் எந்தக் கிளையில் போவது என்று அச்சடித்த தாளுக்குத் தெரியாது.

நேரம் எங்கே என்பார்கள். 1976இல் ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் வகுத்த நான்கு படிகள் இங்கே உதவும்: பேச அனுமதி, அளவான தகவல், குறிப்பான ஆலோசனை, கடைசியாகத் தீவிர சிகிச்சை. முதல் இரண்டு படிகளிலேயே முகம் தெளிந்து கிளம்பிய பலரைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் வறட்சிக்கு உராய்வைக் குறைக்கும் மசகும் (லூப்ரிகன்ட்), பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனும் உண்டு என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. தசை இறுக்கத்துக்கு இயன்முறை சிகிச்சையாளர், தம்பதிக்குள் சிக்கல் என்றால் பாலியல் ஆலோசகர். நேரமே இல்லாத நாளில், இதற்கென்று தனியாக ஒரு தேதி குறித்துக் கொடுத்துவிடுவேன்.

நான் பெண் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு எளிதாக இருக்கலாம். ஆண் மருத்துவர் கேட்டால் இதே பதில் வருமா என்று என்னால் சொல்ல முடியாது. பதின்ம வயதினரிடமும், பெண்ணையே துணையாகக் கொண்டவர்களிடமும் என் அனுபவம் குறைவு. மொழி தெரியாதவர் வந்தால், மொழிபெயர்க்க வீட்டு ஆளை நடுவில் உட்கார வைப்பதைவிட அவருடைய மொழியில் உள்ள படிவமே மேல். புற்றுநோய் சிகிச்சை முடித்து வருபவர்களுக்கு இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் நிரப்பும்போது நானும் எதிரிலேயே இருப்பேன். தாளை என் கையில்தான் கொடுக்க வேண்டும்.