டிஃப் லாக் சுவிட்ச் விளக்கு எரிகிறது என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கோவையில் ஜீப்புக்கோ பிக்கப்புக்கோ எலக்ட்ரிக் டிஃப் லாக் (ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைச் சுவிட்சால் பூட்டும் சாதனம்) போட்டிருப்பவர்களும், போடக் கொடுக்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். எனக்கு ஆனது பண நஷ்டம் மட்டும் இல்லை. சென்ற மாதம் நானும் என் மச்சானும் வண்டியோடு சரிவில் உருண்டிருக்க வேண்டியது. ஒரு வரிசை தேயிலைச் செடிதான் எங்களைத் தடுத்து நிறுத்தியது. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஒர்க்‌ஷாப் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் வண்டி 2018 மாடல் இசுசு வி-கிராஸ். ஃபோர் வீல் டிரைவ் உண்டு, லோ கியர் உண்டு, பின் ஆக்ஸிலில் லாக் கிடையாது. மேடு பள்ளத்தில் ஒரு பின் சக்கரம் தூக்கிக்கொண்டால் அது காற்றில் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். பிடிப்பே இல்லாத சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு போதுமோ, மறு சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். லாக் விழுந்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் மாட்டியது போலச் சேர்ந்து சுற்றும். மஹிந்திரா தார் சில மாடல்களில் வரும் ஈட்டன் லாக் தானாகவே பிடித்துக்கொள்ளும், அதற்கு ஒயரே வேண்டாம். கூர்க்கா, ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கம்பெனியிலேயே லாக் வந்துவிடுகிறது. என்னைப் போன்றவர்கள் வெளியே வாங்கித்தான் போட வேண்டும்.

இரண்டு வருடம் பணம் சேர்த்து, துபாயிலிருந்து வந்த நண்பர் மூலமாக காயில் வகை லாக் (கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகிப் பூட்டுவது) ஒன்றை வரவழைத்தேன். வந்து சேரும்போது 1,18,000 ரூபாய் ஆகியிருந்தது. பெட்டிக்குள் லாக்கோடு சுவிட்ச், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பாகம்), பியூஸ் ஹோல்டர், கருப்பு சுருள் குழாய்க்குள் போட்ட முழு ஒயரிங் செட் எல்லாம் இருந்தன. பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்ற தாளும் இருந்தது. அந்தத் தாளை மட்டும் நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்தத் தாள்தான்.

ஒர்க்‌ஷாப்பில் மொத்தக் கூலி 32,000 பேசினோம். ஒயரிங்குக்கு மட்டும் 6,500 என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் என்றார்கள், 24 நாள் ஆனது. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் வேலை நன்றாகத்தான் இருந்தது. டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் செட்டிங் செய்து, கலர் தடவிப் பல் பதிவதைப் போட்டோ எடுத்து அனுப்பினார் அந்தப் பையன். 60, 80 வேகத்தில் போகும்போது துளி ஊளைச் சத்தம் இல்லை. அதைப் பார்த்துத்தான் மீதி வேலையும் இதே மாதிரி இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒயரிங் பார்ப்பவர் மதியமே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓனர் சாவியைத் திருப்பி சுவிட்சைத் தட்டினார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

“பாருங் சார், லாக் ஆயிருச்சு.”

“ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாங்களா?” என்றேன்.

“தார் ரோட்டுல லாக்கைப் போட்டுத் திருப்பினா ஆக்ஸில் போயிரும் சார். மண்ணுல போய்ப் பாத்துக்கங்க.”

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரிதான். பிடிப்புள்ள ரோட்டில் லாக்கோடு வளைக்கக் கூடாது. அந்த உண்மையைச் சொல்லித்தான் அன்றைக்குச் சோதனை செய்ய விடாமல் அனுப்பினார். ஆனால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. ஜாக்கி போட்டு நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எனக்கு அது தெரியவில்லை. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் நடுவில் கோத்தகிரி பக்கம் நண்பரின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். நான்கு நாளாக மழை. தோட்டத்துக்குள் மேலே ஏறும் மண் பாதையில் தண்ணீர் குறுக்கே அரித்து ஒரு வெட்டு விழுந்திருந்தது. லாக் இல்லாத வண்டி என்றால் அங்கே நான் போயிருக்கவே மாட்டேன், இறங்கி நடந்திருப்பேன். லாக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஃபோர் லோ போட்டு, சுவிட்சைத் தட்டி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு ஏறினேன்.

வெட்டைத் தாண்டும்போது இடது பின் சக்கரம் தூக்கியது. தூக்கினால் என்ன, இப்போது வலது சக்கரம் தள்ளும் என்று ஆக்ஸிலரேட்டரை அப்படியே பிடித்தேன். இடது சக்கரம் காற்றில் கிர்ரென்று சுற்றி, சேறு ஜன்னல் வரை அடித்தது. வலது சக்கரம் நின்றபடியே நின்றது. வண்டியின் வேகம் செத்து, சிவப்புக் களிமண்ணில் பின்பக்கம் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், நான்கு சக்கரமும் நின்ற நிலையிலேயே வண்டி போய்க்கொண்டிருந்தது. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை, மேலே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பத்தடி போயிருக்கும். பின் டயர் செடி வரிசையில் இடித்து நின்றது. செடிக்குக் கீழே முப்பதடி பள்ளம். டிராக்டர் வந்து இழுத்து வெளியே கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அங்கிருந்தே ஓனருக்குப் போன் செய்தேன். “காயில் எரிஞ்சிருக்கும் சார். நீங்க கொண்டாந்த பார்ட்டு டூப்ளிகேட்டா இருக்கும். கொண்டாங்க, மறுபடி ஹவுசிங் தொறக்கணும், 22,000 ஆகும்” என்றார். வண்டியைப் பார்க்காமலே சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது.

நேரே அவரிடம் போகவில்லை. சுந்தராபுரம் பக்கம் நாற்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “பிரிக்கிறதுக்கு முன்னாடி போன்ல வீடியோ எடுங் தம்பி, எனக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது” என்றார். நானும் எடுத்தேன்.

முதலில் வண்டிக்கு அடியில் போனார். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கிலிருந்து வெளியே வரும் காயில் ஒயர், பக்கத்தில் இருந்த பிரீதர் டியூபோடு (ஆக்ஸிலுக்குக் காற்று போகும் குழாய்) சேர்த்து டேக் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதன் முனையில் இருந்த சாக்கெட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. மூடியின் மேல் சேறு காய்ந்திருந்தது. மூடியைக் கழற்றியதும் உள்ளே இரண்டு பின்னும் புத்தம் புதுசாகப் பளபளத்தன. ஒரு நாள்கூட அதில் எதையும் மாட்டியதில்லை.

மீட்டரை வைத்துக் காயிலை அளந்தார். 3.6 ஓம் காட்டியது. மீட்டரால் ஒயரையும் ஹவுசிங்கையும் தொட்டுப் பார்த்தார், காயில் ஹவுசிங்கோடு எர்த் ஆகவில்லை. எரிந்து அறுந்த காயில் என்றால் மீட்டரில் எதுவுமே வராது. உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டி வரும். என் காயில் நல்ல உயிரோடு இருந்தது. டூப்ளிகேட் என்று சொன்னதும் பொய், எரிந்துவிட்டது என்று சொன்னதும் பொய்.

அப்புறம் டேஷ்போர்டிலிருந்து ஒயரைத் தேடிக்கொண்டு வந்தோம். சுவிட்சுக்குச் சாவியிலிருந்து கரண்ட் எடுத்து, விளக்குக்கு எர்த் கொடுத்திருந்தார்கள். அதோடு விளக்கு எரிய வேண்டியது எரிந்துவிடும். சுவிட்சிலிருந்து ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று கிளம்பி, தரை விரிப்புக்கு அடியில் ஓடி, பின் சீட்டுக்குக் கீழே முடிந்தது. முனையை இரண்டு மடிப்பாக மடித்து, கருப்பு டேப்பை அழகாகச் சுற்றியிருந்தார்கள். ரிலே இல்லை. பியூஸ் இல்லை. பெட்டியில் வந்த ஒயரிங் செட்டே வண்டியில் இல்லை. மறந்துபோன வேலை என்று நானும் நினைக்கத்தான் பார்த்தேன். மறந்தவர் முனையை மடித்து டேப் சுற்றமாட்டார்.

அந்தச் சிவப்பு ஒயரை வைத்துப் பெரியவர் காட்டிய ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முனையை உரித்து, மீட்டரை வைத்தார். 12.5 வோல்ட். பேட்டரியில் என்ன இருக்கிறதோ அதே. “இதைப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்லுவாங்க” என்றார். அதே ஒயரைத் தற்காலிகமாக இழுத்துக் காயிலோடு சேர்த்துவிட்டு மறுபடி அளந்தார். 9.8 வோல்ட். காயில் மூன்று ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும்போது, மெல்லிய ஒயரும் முறுக்கிவிட்ட ஜாயிண்ட்டுகளும் பெயிண்ட் மேலேயே முடுக்கிய எர்த்தும் சேர்ந்து இரண்டரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிட்டன. ஆகவே காயில் மாட்டியிருக்கும்போது, சுவிட்ச் போட்ட நிலையில்தான் வோல்டேஜ் அளக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி வைத்து அளந்த கணக்கு செல்லாது. மீட்டர் இல்லாத இடத்தில் அவர் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் சால்டர் செய்து வைத்திருக்கிறார். அது மங்கலாக எரிந்தால் லைன் சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு புதிதாக ஒயரிங் செய்தார். பேட்டரியை ஒட்டி 10 ஆம்பியர் பியூஸ், அதிலிருந்து ரிலேயின் 30-ம் நம்பர் பின், 87-லிருந்து இரண்டரை ஸ்கொயர் எம்எம் தடிமனான ஒயர் நேரே காயிலுக்கு. சுவிட்ச் ரிலேயை மட்டும் தூண்டும்: 86-க்குச் சுவிட்ச் கரண்ட், 85-க்கு எர்த். காயில் எர்த்துக்குச் சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட்டார். சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் இடத்தில் பிரேக் ஹோஸை ஒட்டியே ஒயரைக் கொண்டுபோய், சக்கரம் முழுவதும் தொங்கினாலும் இழுக்காத அளவு தளர்வு விட்டார். சைலன்சர் பக்கம் போகவே இல்லை. எல்லாம் முடிந்து காயிலில் அளந்தபோது 12.2 வோல்ட். சாமானோடு சேர்த்து 3,800 ரூபாய் வாங்கினார்.

இனி அந்த ஐந்து நிமிடச் சோதனை. பணம் கொடுப்பதற்கு முன், ஒர்க்‌ஷாப்பிலேயே, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கிட்டே போகக் கூடாது. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும், அதை எடுத்துவிடுங்கள். டூ வீல் டிரைவ், முதல் கியர், இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். லாக் போடாமல் ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இப்போது சுவிட்சைப் போட்டு மறுபடி சுற்றுங்கள். கொஞ்ச தூரம் வரும், உள்ளே ‘டக்’கென்று பிடிக்கும், அதற்கு மேல் அந்தச் சக்கரம் நகராது. சுவிட்சை ஆஃப் செய்து, சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிட வேண்டும். என் வண்டியில் முதல் தடவை அந்த ‘டக்’ கையில் தெரிந்தபோது, கோத்தகிரியில் இது இருந்திருந்தால் என்று நினைத்துத் தொண்டை அடைத்துவிட்டது.

சுவிட்சில் எரியும் விளக்கு சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். லாக் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. சில கம்பெனி வண்டிகளில் லாக் உண்மையிலேயே விழுந்ததைப் பார்த்துச் சொல்ல உள்ளே தனி சென்சார் உண்டு. நாம் வெளியே வாங்கிப் போடும் பல காயில் லாக்கில் அது கிடையாது.

வீடியோவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் முதலில், “ஒயரிங் செட் உங்க பெட்டியிலேயே வரலீங்க” என்றார். பெட்டித் தாளைக் காட்டினேன். நான் பெட்டியைக் கொடுத்த அன்று அவர்களே பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைக் காட்டினேன், அதில் ரிலே தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் பையன் தப்பு, தீபாவளி அவசரம் என்றார். ஒயரிங் கூலி 6,500 திரும்பி வந்தது, அதுவும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு, மூன்று வாரம் இழுத்தடித்து. ஒயரிங் செட் இன்னும் வரவில்லை. டிராக்டர் செலவு, உடைந்த பின் பம்பர் எதற்கும் பேச்சில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நடந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி, ஒயரிங் கூலி தனி, மெக்கானிக் கூலி தனி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்னால் இந்த 6,500-கூடக் கேட்டிருக்க முடியாது.

இதை எழுதுவதற்கு முன், அதே இடத்தில் லாக் போட்ட, எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்குப் போன் செய்து ஜாக்கி போட்டுப் பார்க்கச் சொன்னேன். பொள்ளாச்சிக்காரர் வண்டியில் சரியாகப் பிடிக்கிறது. திருப்பூரில் இருக்கும் தம்பி நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு வீடியோ அனுப்பியிருக்கிறான். சுவிட்சில் விளக்கு எரிகிறது. அவன் அப்பா இடது சக்கரத்தைச் சுற்றுகிறார், வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வாரம்தான் அவன் குடும்பத்தோடு அந்த வண்டியில் வால்பாறை போய் வந்திருக்கிறான்.