மழைநீரைக் கடலில் விடும் குழாய்: ஜாயின்ட் சீலா, உள்குழாயா, ரெசின் லைனரா?

பழுதான கடலோர மழைநீர்க் குழாயைச் சரிசெய்ய இங்கே ஒப்பிடும் வழிகள் மூன்று: ஜாயின்ட்டை உள்ளிருந்து அடைக்கும் சீல், பழைய குழாய்க்குள் நுழைக்கும் இன்னொரு குழாய், உள்சுவரோடு ஒட்டி இறுகும் ரெசின் ஊறிய உறை (லைனர்). மணற்கரையில் புதைந்த ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) குழாய் உடைவதற்கு முன்னால் ஜாயின்ட்டில் விலகும். 900 மி.மீ. என்.பி.3 (கான்கிரீட் குழாயின் ஒரு வலிமை வகுப்பு) குழாய் 2.5 மீட்டர் துண்டுகளாக வருவது. 100 மீட்டருக்கு 39 ஜாயின்ட். ஓதம் இறங்கும்போதெல்லாம் விலகிய இடம் வழியாக வெளிமணல் குழாய்க்குள் வரும். மேலே தரை குழிவிழும்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே ஆய்வில் கேட்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, சுவரில் கம்பி வெளியே தெரிகிறதா. கம்பி துருவை ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் முதலில் தேடுங்கள். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, துருவும் மெதுவாகவே ஏறும்.

கலங்கல் நீரில் ஆர்.ஓ.வி. (தொலைவிலிருந்து இயக்கும் நீரடி இயந்திரம்) கேமராவால் பயனில்லை. சோனார் (ஒலி எதிரொலியால் அளக்கும் கருவி) கட்டினால் மணல் மட்டமும் குழாயின் வடிவமும் கிடைக்கும். சின்ன இடைவெளி கிடைக்காது. அதைக் கையால் தடவி அளக்க டைவர்தான் வேண்டும். ஆனால் குழாயை அடைத்திருந்தால் இரு பக்க நீர்மட்டமும் சமமாகும்வரை அவரை இறக்கக் கூடாது. ஒரு மீட்டர் வேறுபாடே 900 மி.மீ. வாயில் ஏறக்குறைய 650 கிலோ எடையின் விசையோடு ஆளை இழுத்து ஒட்டவைத்துவிடும். முதலில் சோனார், பிறகு சந்தேகமான ஜாயின்ட்டுகளுக்கு மட்டும் டைவர் என்பதே என் வரிசை.

சுவர் நன்றாக இருந்தால் ஜாயின்ட் சீல் போதும். ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பட்டையை உள்ளே வைத்து, ஸ்டெயின்லெஸ் வளையங்களை ஹைட்ராலிக் ஜாக்கால் விரித்துப் பூட்டுவது, நீரடியிலேயே செய்யலாம். சிப்பியைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் கசியும். 316 ரக ஸ்டெயின்லெஸ் வளையம் மலிவு, ஆனால் ரப்பருக்கும் வளையத்துக்கும் இடையில் தேங்கும் உப்புநீர் அதைக் குழிகுழியாக அரிக்கும். அரிப்பை அதிகம் தாங்கும் டூப்ளெக்ஸ் ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், முடிந்தால் சூப்பர் டூப்ளெக்ஸ். வெளியே ஏற்கெனவே விழுந்த வெற்றிடத்தைச் சீல் நிரப்பாது. அதற்குத் தனியாக கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பு) போட வேண்டும்.

கம்பி தெரிந்தால் உள்குழாய்தான். 800 மி.மீ. எச்.டி.பி.இ. (பிளாஸ்டிக்) குழாயை, எஸ்.டி.ஆர். 26 (சுவர் தடிமன் வெளிவிட்டத்தில் 26இல் ஒரு பங்கு) அளவில் நுழைத்தால் உள்விட்டம் 739 மி.மீ.க்கு இறங்கும். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போனாலும், வழவழப்பான சுவரால் (சுவரின் சொரசொரப்பைக் காட்டும் மேனிங் எண் 0.013இலிருந்து 0.009) கணக்கில் கொள்ளளவு 85 சதவீதம் நிற்கும். முன்பே வெள்ளம் தேங்கும் தெருவுக்கு அந்த 15 சதவீதமும் பெரிது. எச்.டி.பி.இ. கடல்நீரில் மிதக்கும், இரு குழாய்களுக்கும் இடையில் விடும் கிரவுட்டிலோ இன்னும் வேகமாக மேலெழும். உள்ளே நீர் நிரப்பி, கிரவுட்டை ஒரே மூச்சில் அல்லாமல் அடுக்கடுக்காக விடவேண்டும். அழுத்தம் கூடினால் இந்த மெல்லிய சுவர் உள்வாங்கிவிடும்.

ரெசின் லைனர் விட்டத்தை அதிகம் குறைக்காது. அதனால்தான் விலைப்புள்ளியில் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஜாயின்ட் வழியே வரும் நீர் இறுகாத ரெசினைக் கழுவும், சுற்றியுள்ள ஈர மணல் லைனரை இறுகவைக்க விடும் வெந்நீரின் சூட்டை உறிஞ்சும். அடிப்பகுதி இறுகாமலே நின்றுபோகும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீரைக் கடலில் விடவும் கூடாது. கடல்முனையை முழுதாக அடைத்து, கசிவையும் முதலில் நிறுத்த முடிகிற குழாய்க்கு மட்டுமே இதை எடுப்பேன்.